ஐம்பதும் ஐம்பதும் மோதினால் நூறா?

6 ஜனவரி 2024, மேலூரிலிருந்து ஒரு தம்பி கேட்டது

சிவகங்கை ரோட்டில் எங்கள் மாமாவின் காரும் எதிரே வந்த ஒரு காரும் நேருக்கு நேர் மோதிவிட்டன. இரண்டும் ஒரே மாடல். இரண்டு பேருமே ஐம்பதில் வந்ததாகச் சொல்கிறார்கள். சாமி புண்ணியத்தில் யாருக்கும் உயிருக்கு ஆபத்து இல்லை. ஊரில் எல்லோரும், "ஐம்பதும் ஐம்பதும் நூறு. நூறில் போய்ச் சுவரில் இடித்த மாதிரி. பிழைத்ததே பெரிசு" என்கிறார்கள். இந்தக் கணக்கு சரிதானா? பட்டறைக்காரர்கள், பிசிக்ஸ் தெரிந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

6 ஜனவரி, இரவு 10.15

ஆமாம் தம்பி, நூறுதான். வண்டியூர் பக்கம் டிங்கரிங் பட்டறை வைத்து 27 வருஷம் ஆகிறது. வருகிறவர்களிடம் நானும் இதைத்தான் சொல்வேன். மாமாவுக்குக் குலதெய்வம் துணை நின்றிருக்கிறது.

7 ஜனவரி, காலை 6.30

நேற்று எழுதியது தப்பு. அதை யாரிடமும் சொல்ல வேண்டாம்.

படுத்த பிறகு ஒரு வண்டி ஞாபகத்துக்கு வந்தது. வாடிப்பட்டி தாண்டி ஒரு பாலத்துக் கட்டையில் நேராக மோதி, பட்டறைக்கு வந்த கார். ஓட்டியவர் ஐம்பது, ஐம்பத்தைந்தில் போனதாகச் சொன்னார். பானெட் கூடாரம் போல மடங்கியிருந்தது, ரேடியேட்டர் இன்ஜினோடு ஒட்டியிருந்தது, கதவுகள் மட்டும் திறந்து மூடின. அதே மாதிரி இரண்டு கார்கள் நேருக்கு நேர் மோதிய கேஸ்களும் பார்த்திருக்கிறேன். அவற்றிலும் ஏறக்குறைய அதே நசுங்கல்தான். நூறில் சுவரில் மோதினால் அப்படியா இருக்கும்? இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. ஐம்பதுக்கு ஒரு பங்கு என்றால் நூறுக்கு நாலு பங்கு. கதவு திறந்து மூடுகிற நிலையில் அந்த வண்டி இருக்காது.

மகளை எழுப்பிக் கேட்டேன். பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். பாதித் தூக்கத்தில் அவள் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

இரண்டு கார்களுக்கும் நடுவே ரோட்டின் குறுக்கே ஒரு பெட்ஷீட் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே எடை, ஒரே வேகம், எதிரெதிர்த் திசை. இரண்டு பக்கமிருந்தும் ஒரே தள்ளு வருகிறது. பெட்ஷீட் எந்தப் பக்கமும் நகராது, நகரக் காரணம் இல்லை. அப்படியானால் மாமாவின் காருக்கு அந்தப் பெட்ஷீட்தான் சுவர். ஐம்பதில் வந்து நகராத ஒன்றில் மோதி நின்றிருக்கிறது. எதிர்க் காரும் அப்படியே. ஐம்பது ஐம்பதுதான், நூறு இல்லை. அந்த "இன்னொரு ஐம்பது" எதிர்க் காரின் பானெட்டை நசுக்குவதில் செலவாகிவிட்டது.

7 ஜனவரி, இரவு

ஒரு விஷயத்தை விட்டுவிட்டேன். புத்தகத்தில் இதற்கு உந்தம் என்று பெயர். எடை தராசில் வரும் கிலோவை வேகத்தால் பெருக்கினால் உந்தம். ஆனால் திசையையும் சேர்த்துத்தான் எழுத வேண்டும். மேலூர் பக்கம் போவது கூட்டல் என்றால் சிவகங்கை பக்கம் போவது கழித்தல். வெளியிலிருந்து வேறு விசை எதுவும் குறுக்கிடாதவரை, மோதலுக்கு முன் இருந்த மொத்த உந்தமும் பின் இருக்கும் மொத்த உந்தமும் ஒன்றே. மாமா கேஸில் மொத்தம் சைபர். அதனால்தான் இரண்டும் மோதிய இடத்திலேயே நின்றன.

இயக்க ஆற்றலுக்குத் திசை கிடையாது. அது கழிபடாது. நசுங்கலாக, சூடாக, சத்தமாக மாறிப் போகும். உந்தம் அப்படி மாறிப் போக முடியாது, ஒரு பொருளிலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறத்தான் முடியும். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதால்தான் 27 வருஷம் நூறு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன்.

8 ஜனவரி

திருமங்கலத்திலிருந்து ஒருவர் மடக்கியிருக்கிறார்: "சுவரில் மோதின கார் நின்றுவிட்டது, சுவரும் நகரவில்லை. உந்தம் எங்கே போயிற்று?"

நல்ல கேள்வி. சுவர் அஸ்திவாரத்தோடு நிற்கிறது, அஸ்திவாரம் பூமியோடு. பூமிக்குப் போனது. ஆயிரம் கிலோ கார் ஐம்பதில் வந்தால் விநாடிக்கு சுமார் 14 மீட்டர். அதைப் பூமியின் எடையால் (6 என்று எழுதி 24 சைபர் போட்டால் வரும் கிலோ) வகுத்துப் பார்த்தோம். விநாடிக்கு 0 புள்ளி, அப்புறம் இருபது சைபர், அப்புறம்தான் 23 வருகிறது. அவ்வளவு மீட்டர் வேகத்தில் பூமி நகர்ந்திருக்கும்.

அதுவும் புதிதாக வந்த வரவு இல்லை. கார் கிளம்பும்போது டயர் ரோட்டைப் பின்னால் தள்ளித்தான் அந்த உந்தத்தையே வாங்கியது. அப்போது பூமி அதே அளவு பின்னால் போயிருக்கும். வாங்கிய கடன் சுவர் வழியாகத் திரும்பிவிட்டது. எனக்கு இது ரொம்பப் பிடித்துப் போனது. டீக்கடையில் இரண்டு பேரிடம் சொன்னேன்.

10 ஜனவரி, இரவு 11.40

"கார், கார் சரி. லாரியும் பைக்கும் என்றால்?" என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். இரண்டு நாளாக எழுதாமல் தள்ளிப்போட்டேன்.

லோடு லாரி 16,000 கிலோ. பைக்கும் ஓட்டுகிறவரும் சேர்த்து 200 கிலோ. எண்பதுக்கு ஒன்று. இரண்டும் நாற்பதில் எதிரெதிரே வந்து மோதி ஒட்டிக்கொண்டே போவதாக வைத்துக்கொள்வோம்.

லாரியின் உந்தம் 16,000 × 40. பைக்கின் உந்தம் 200 × 40, எதிர்த் திசை. கழித்து, மொத்த எடை 16,200 ஆல் வகுத்தால் 39 வருகிறது. நாற்பதில் வந்த லாரி 39 ஆனது. ஒரு கிலோமீட்டர் குறைந்தது. பைக் இந்தப் பக்கம் நாற்பதிலிருந்து அந்தப் பக்கம் 39க்குத் திருப்பப்பட்டது. 79 கிலோமீட்டர் மாற்றம், கண் மூடித் திறப்பதற்குள்.

லாரி பைக்கைத் தள்ளிய விசையும் பைக் லாரியைத் தள்ளிய விசையும் ஒன்றேதான். கைமாறிய உந்தமும் ஒன்றே: 16,000 × 1, 200 × 79, இரண்டும் ஏறக்குறைய 16,000 (சில்லறையை விட்டுவிட்டேன்). உந்தம் இரண்டு பேருக்கும் சமமாகப் பங்கு ஆகிறது. வேக மாற்றம் அப்படிப் பங்கு ஆவதில்லை. எடை குறைந்தவன் தலையில்தான் மொத்தமும் விழுகிறது. உடம்புக்குத் தெரிவது வேக மாற்றம் மட்டும்தான்.

தள்ளிப்போட்டதற்குக் காரணம் இருக்கிறது. 2011இல் சுற்றுச்சாலையில் என் சித்தப்பா மகன் போய்விட்டான். பஸ்ஸை முந்தப் போய் எதிரே வந்த லோடு லாரியில் மோதினான். லாரி டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டு, "எனக்குத் தெரியவே இல்லைங்கண்ணே, ஏதோ கல் தட்டின மாதிரிதான் இருந்துச்சு" என்று சொன்னார். நாங்கள் அவரை அடிக்கப் போனோம். ஒரு உயிர் போயிருக்கிறது, கல் தட்டின மாதிரி என்கிறானே என்று. பெரியவர்கள்தான் பிடித்து நிறுத்தினார்கள். பதிமூன்று வருஷமாக அந்த ஒரு வார்த்தைக்காக அந்த மனிதர் மேல் ஆத்திரம் இருந்தது.

ஒரு கிலோமீட்டர் மாற்றம். அவர் சொன்னது அப்படியே உண்மை. அவருக்குத் தெரிந்திருக்காது.

11 ஜனவரி

நேற்றைய கணக்கில் ஒரு பிழையை ஓய்வு பெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் காட்டியிருக்கிறார். அவர் சொல்வது சரி. ஓட்டுகிறவர் பைக்கோடு வெல்டிங் பண்ணப்படவில்லை. மோதும் கணத்தில் பைக்தான் முதலில் திரும்புகிறது. ஃபோர்க் பின்னால் மடங்கும், ஹேண்டில்பார் நிற்கும். மனிதன் அதே நாற்பதில் முன்னால் போய்க்கொண்டே இருப்பான், லாரியின் முகப்போ ரோடோ அவனைத் தனியாக நிறுத்தும்வரை. எனவே 200 கிலோவை ஒரே கட்டியாக எடுத்தது தப்பு. இரண்டு மோதல்கள்: 130 கிலோ பைக் ஒன்று, 70 கிலோ மனிதன் ஒன்று. லாரிக்கு இரண்டு சின்னத் தட்டல்கள்.

முடிவு மாறவில்லை. இன்னும் மோசமாகத்தான் ஆகிறது.

12 ஜனவரி

சார் இன்னொன்றும் சொல்லியிருக்கிறார். உந்தம் எவ்வளவு மாறியது என்பதோடு, எவ்வளவு நேரத்தில் மாறியது என்பதும் முக்கியம். விசையை நேரத்தால் பெருக்கினால் கணத்தாக்கு. அதுதான் உந்த மாற்றம். மாற வேண்டிய உந்தம் மாறித்தான் தீரும், அதைக் குறைக்க நம்மால் முடியாது. நேரத்தை நீட்டத்தான் முடியும். நீட்டினால் விசை குறையும்.

ஹெல்மெட்டுக்கு இதை எளிதாகப் போடலாம். பைக்கில் உட்கார்ந்திருக்கும் தலை தரையிலிருந்து சுமார் ஒன்றரை மீட்டர். அங்கிருந்து விழும் தலையைத் தரை நிறுத்துகிறது. விழும் உயரத்தை நிற்கும் தூரத்தால் வகுத்தால், தலை படும் வேகக் குறைவு புவி ஈர்ப்பைப் போல எத்தனை மடங்கு என்று தெரிந்துவிடும். வெறும் மண்டை தார் ரோட்டில் 2 மில்லிமீட்டரில் நின்றால் 1,500ஐ 2 ஆல் வகுத்து 750 மடங்கு. ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மாகோல் 25 மில்லிமீட்டர் நசுங்கிக் கொடுத்தால் 60 மடங்கு. நிஜத்தில் முழுசாக நசுங்காது, 60 என்பது கொஞ்சம் கூடும். கூடட்டும், 750 எங்கே, அது எங்கே.

உயிரைக் காப்பாற்றுவது மேலே இருக்கும் ஓடு மட்டும் இல்லை, உள்ளே இருக்கும் அந்த வெள்ளைத் தெர்மாகோல். ஒருமுறை நசுங்கினால் அது திரும்ப எழும்பாது. கீழே விழுந்து அடிபட்ட ஹெல்மெட்டுக்குப் பெயின்ட் அடித்துத் தரச் சொல்லி என்னிடமே கொண்டுவருகிறார்கள். தயவுசெய்து புதிது வாங்குங்கள். பட்டையையும் மாட்டுங்கள்.

12 ஜனவரி, கொஞ்ச நேரம் கழித்து

சித்தப்பா மகனிடம் அன்று ஹெல்மெட் இருந்தது. டேங்க் மேல் இருந்தது.

17 ஜனவரி

அலங்காநல்லூர் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். தொண்டை கட்டிவிட்டது.

மனதில் இதே ஓடிக்கொண்டிருந்ததால் மாடுபிடியையும் அந்தக் கண்ணோடுதான் பார்த்தேன். வாடிவாசலிலிருந்து வரும் காளை 350 கிலோ, விநாடிக்கு 8 மீட்டரில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். 65 கிலோ பையன் நின்ற இடத்திலேயே திமிலைப் பிடிக்கிறான். பிடித்த பிறகு இரண்டும் ஒன்று. 350 × 8 வகுத்தல் 415, வருவது 6.75. நின்றிருந்தவன் ஒரே இழுப்பில் 6.75க்குப் போகிறான். தோள்பட்டை கழன்று போவது இதனால்தான். அதே பையன் காளை போகும் பக்கமே விநாடிக்கு 4 மீட்டரில் ஓடி வந்து பிடித்தால்? கடைசி வேகம் 7.4 வரும், ஆனால் அவனுக்கு ஏற்படும் மாற்றம் 3.4 மட்டும். பாதி. நன்றாகப் பிடிக்கிற பையன்களைப் பாருங்கள், யாரும் நின்றபடி பிடிப்பதில்லை. இரண்டு எட்டு கூடவே ஓடித்தான் தாவுகிறார்கள். யாரும் அவர்களுக்குக் கணக்கு சொல்லித் தரவில்லை.

தரையில் தேங்காய் நார் பரப்பியிருப்பதும் தெர்மாகோல் வேலைதான்.

18 ஜனவரி

பாலமேட்டுக்காரர் ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். "காளை என்ன உருட்டிவிட்ட குண்டா? பையன் பிடித்ததும் வேகம் குறைவதாக எழுதியிருக்கிறீர்கள். எங்கள் காளை பிடித்த பிறகுதான் வேகம் எடுக்கும்."

உண்மை. காளை காலால் தரையை உதைக்கிறது. அது வெளி விசை, உந்தம் தரையிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. என் கணக்கு கை திமிலில் பட்ட அந்த ஒரு நொடித் துணுக்குக்கு மட்டும்தான் பொருந்தும். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் காளையின் விருப்பம். மோதல் கணக்கு எதற்குமே இந்த எல்லை உண்டு. காரில் பிரேக் பிடித்திருந்தாலும் ரோட்டின் உராய்வு வெளி விசைதான். மோதல் பத்தில் ஒரு நொடிக்குள் முடிந்துவிடுவதால் அதற்குள் உராய்வு பெரிதாக ஒன்றும் செய்ய முடிவதில்லை, அவ்வளவுதான்.

21 ஜனவரி, ஞாயிறு

லீவு நாள். மொட்டை மாடியில் மகளும் நானும் கேரம் போர்டை எடுத்து வைத்துக்கொண்டோம். விளையாடவில்லை, அளந்தோம்.

போட்டி விதிப்படி ஸ்ட்ரைக்கர் 15 கிராமைத் தாண்டக் கூடாது, காய் 5 முதல் 5.5 கிராம். மூன்றுக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். நேராக ஒரு காயை அடித்தால், முழு மீட்சி மோதல் (இயக்க ஆற்றல் கொஞ்சமும் வீணாகாத மோதல்) என்றால், காய் ஸ்ட்ரைக்கர் வந்த வேகத்தைப் போல ஒன்றரை மடங்கில் பறக்கும், ஸ்ட்ரைக்கர் பாதி வேகத்தில் பின்னாலேயே போகும். சரிபாருங்கள்: 15 × 1 = 15 × ½ + 5 × 1½. இரண்டு பக்கமும் 15. நேர் அடியில் காய் குழியில் விழுந்ததும் ஸ்ட்ரைக்கரும் கூடவே விழுந்து ஃபைன் கட்டுகிறோமே, அது கை நடுக்கம் இல்லை. கனமானது இலேசானதை அடித்தால் தானும் முன்னால்தான் போகும், நிற்காது, திரும்பாது. (நிஜத்தில் கொஞ்சம் ஆற்றல் டக்கென்ற சத்தத்தில் போகும், ஒன்றரை என்பது கொஞ்சம் குறையும்.)

மகள் சொன்ன அடுத்த விஷயத்தை நான் நம்பவில்லை. பக்கவாட்டில் எப்படி உரசி அடித்தாலும், ஒரே ஒரு காயில் பட்டால் ஸ்ட்ரைக்கர் தன் வழியிலிருந்து 19.5 டிகிரிக்கு மேல் விலகவே முடியாதாம். உந்தமும் ஆற்றலும் சேர்ந்து போடும் வேலி அது. காயின் எடையை ஸ்ட்ரைக்கரின் எடையால் வகுத்தால் மூன்றில் ஒன்று. எந்தக் கோணத்தின் சைன் மூன்றில் ஒன்றோ, அதுதான் எல்லை. முப்பது வருஷம் கேரம் ஆடியிருக்கிறேன், ஸ்ட்ரைக்கர் செங்குத்தாகத் திரும்பியதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன் என்று அடித்துச் சொன்னேன்.

பவுடரைக் கொஞ்சம் தாராளமாகத் தூவினோம். ஸ்ட்ரைக்கர் போன தடம் தெளிவாக விழுந்தது. கோணமானி வைத்து இருபது அடி அளந்தோம். 8, 14, 17, 18, இப்படி. ஒன்று மட்டும் 26. அந்த அடியின் தடத்தைத் திரும்பப் பார்த்தால் நடுவில் இன்னொரு காயையும் தொட்டிருக்கிறது. மற்ற எதுவும் இருபதைத் தாண்டவில்லை.

நான் பார்த்ததெல்லாம் கூட்டமாக நிற்கும் காய்களில் பட்டதாகவோ, ஃபிரேமை ஒட்டிய காயில் பட்டதாகவோ இருந்திருக்க வேண்டும். ஃபிரேம் சுவர் மாதிரி. காய் அதில் பட்டுத் திரும்பி ஸ்ட்ரைக்கரை இன்னொரு முறை அடிக்கும். முப்பது வருஷம் பார்த்தும் பார்க்காமலே இருந்திருக்கிறேன் என்பது மனதைப் பிசைந்தது. சந்தோஷமாகவும் இருந்தது.

22 ஜனவரி

கோலிக்குண்டு பற்றி ஒரு வரி. சம எடை என்றால் அடித்த குண்டு அங்கேயே நிற்கும், அடிபட்டது அதே வேகத்தில் போகும். சின்ன வயதில் செல்லூர் தெருவில் ஆடியவர்களுக்கு இது தெரியும்.

23 ஜனவரி

உசிலம்பட்டிக்காரர்: "நிற்காதுங்க. அடிச்ச குண்டு பின்னாலேயே கொஞ்ச தூரம் உருளும். நான் பந்தயம் கட்டத் தயார்."

காலையில் பட்டறைத் தரையில் இரண்டு பால் பேரிங் குண்டுகளை வைத்துப் பார்த்தேன். அவர் சொன்ன மாதிரியே உருண்டது! அப்புறம் நடுவிரலை வளைத்துத் தெறித்துப் பார்த்தேன், டக்கென்று நின்றது. இரண்டு பேர் சொல்வதும் சரி. எப்படி அடிக்கிறோம் என்பதில் இருக்கிறது.

விரலால் தெறித்த குண்டு காற்றில் வந்து அடிக்கிறது, அதில் சுழற்சி இல்லை. தன் வேகம் முழுவதையும் கொடுத்துவிட்டு நிற்கிறது. தரையில் உருட்டிவிட்ட குண்டோ சுழன்றுகொண்டு வருகிறது. மோதலில் நேர் வேகத்தைக் கொடுத்துவிடும், சுழற்சியைக் கொடுக்காது. நின்ற இடத்தில் சுழல்கிறது, தரை உராய்ந்து மறுபடி முன்னால் தள்ளுகிறது. அடிபட்ட குண்டு சுழற்சி இல்லாமல் கிளம்புவதால் தரை அதைக் கொஞ்சம் பின்னால் இழுக்கிறது.

மகள் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். வந்த வேகத்தில் ஏழில் இரண்டு பங்கு அடித்த குண்டுக்கு, ஏழில் ஐந்து அடிபட்டதுக்கு. கூட்டினால் ஏழுக்கு ஏழு. தரை ஒன்றை முன்னால் தள்ளியதும் மற்றதைப் பின்னால் இழுத்ததும் அப்படியே சரிக்குச் சரி. இதைப் பார்த்து இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம்.

உசிலம்பட்டி அண்ணனுக்கு நன்றி. பந்தயம் உங்களுக்குத்தான்.

25 ஜனவரி, தைப்பூசம், நள்ளிரவு

தெப்பத் திருவிழா. மாரியம்மன் தெப்பக்குளத்தில் மீனாட்சியம்மனும் சுவாமியும் தெப்பத்தில் சுற்றி வந்ததைக் கரையில் நின்று பார்த்தோம். கரையிலிருந்து வடம் பிடித்து இழுக்கிறார்கள். முதலில் எவ்வளவு இழுத்தாலும் நகராத மாதிரி இருக்கும், மெல்ல நகர ஆரம்பித்த பிறகு நிற்காது. சின்ன விசை, நீண்ட நேரம். ஹெல்மெட்டும் இதுவும் ஒரே கணக்கு.

கூட்டத்தில் நின்றபடி மகள் ஒரு கதை சொன்னாள். மோதல் விதிகளை முதலில் எழுத முயன்றவர்களில் ஒருவர் பிரெஞ்சுக்காரர் டெகார்ட், 1644இல். நம் ஊரில் திருமலை நாயக்கர் ஆண்டுகொண்டிருந்த காலம். எடையையும் வேகத்தையும் பெருக்க வேண்டும் என்பது வரை சரியாகப் பிடித்துவிட்டார். திசையை விட்டுவிட்டார். அதனால் சின்னப் பொருள் எவ்வளவு வேகமாக வந்து அடித்தாலும் நிற்கிற பெரிய பொருளை அசைக்கவே முடியாது என்று விதி எழுதினார். பெரிய குண்டைச் சின்ன குண்டால் நகர்த்திய எந்தப் பையனும் அது தப்பு என்று சொல்லிவிடுவான். 1668இல் லண்டன் ராயல் சொசைட்டி கேட்டுக்கொண்டதன் பேரில் வாலிஸ், ரென், ஹைகன்ஸ் என்ற மூன்று பேர் தனித்தனியாக எழுதி அனுப்பிய பிறகுதான் விஷயம் தெளிந்தது. நியூட்டனின் புத்தகம் வந்தது 1687இல்.

ஹைகன்ஸ் ஹாலந்துக்காரர், கால்வாய் ஊர். அவர் படகை வைத்து யோசித்தார். படகில் ஒருவர் இரண்டு சம குண்டுகளைச் சம வேகத்தில் எதிரெதிரே மோதவிடுகிறார். இரண்டும் அதே வேகத்தில் திரும்பும், அதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. இப்போது அந்தப் படகும் குண்டின் வேகத்திலேயே போகிறது. கரையில் நிற்பவருக்கு என்ன தெரியும்? ஒரு குண்டு நிற்கிறது, இன்னொன்று இரண்டு மடங்கு வேகத்தில் வந்து அதை அடிக்கிறது. அடித்தது நிற்கிறது, நின்றது போகிறது. மோதல் ஒன்றுதான், பார்க்கும் இடம்தான் வேறு.

தெப்பம் மைய மண்டபத்தைத் தாண்டும்போது எனக்குப் பளிச்சென்று பட்டது. மேலூர்த் தம்பி, உங்கள் ஊர்க்காரர்கள் சொன்ன நூறு முழுத் தப்பு இல்லை! மாமாவின் காரோடு ஐம்பதில் கூடவே போகும் ஒருவர் பார்த்தால், மாமாவின் கார் நிற்கிறது, எதிர்க் கார் நூறில் வந்து மோதுகிறது. எனவே இரண்டு ஐம்பதும் மோதுவது, நூறில் வரும் கார் *நிற்கிற இன்னொரு காரில்* மோதுவதற்குச் சமம். நிற்கிற கார் நகர்ந்து கொடுக்கும், தானும் நசுங்கிக் கொடுக்கும். சுவர் இரண்டையும் செய்யாது. நூறு சரி, சுவர்தான் தப்பு.

7ஆம் தேதி "நூறு இல்லை" என்று நான் அடித்து எழுதியதை இந்த அளவுக்குத் திருத்திக்கொள்கிறேன்.

28 ஜனவரி

மேலூர்த் தம்பி பேசினார். ஒரு விவரம் புதிது. மாமா தனியாக வந்தார், எதிர்க் காரில் ஐந்து பேர். மோதியபின் மாமாவின் கார் "ஒரு சாண்கூட இருக்காது, கொஞ்சம்" பின்னால் போயிருந்ததாம். "அப்படியானால் அவர்கள்தான் வேகமாக வந்தார்களா? பிரேக் இன்ஸ்பெக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார், மாமா அதையே பிடித்துக்கொண்டு புலம்புகிறார்."

கணக்குப் போட்டோம். கார் ஆயிரம் கிலோ, மாமா 75, அவர்கள் ஐந்து பேர் 350. இரண்டும் ஐம்பதில். மொத்த உந்தம் (1,350 − 1,075) × 50. அதை 2,425 ஆல் வகுத்தால் 5.7 கிலோமீட்டர், மாமாவின் பக்கமாக. சக்கரங்கள் இறுகித் தார் ரோட்டில் இழுபட்டால், உராய்வுக் குணகம் 0.7 என்று வைத்தால், அந்த வேகம் நிற்க 18 சென்டிமீட்டர் போதும். ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு.

அவர்கள் ஐம்பது என்று சொன்னது நம்பக்கூடியதுதான். ஒரு மீட்டர் பின்னால் போயிருந்தால் கதை வேறு. அதற்கு அவர்கள் மாமாவைவிடப் பதின்மூன்று, பதினான்கு கிலோமீட்டராவது கூடுதலாக வந்திருக்க வேண்டும். மாமாவிடம் சொல்லுங்கள், அவர்கள் மேல் வருத்தம் வேண்டாம்.

இன்னொன்று. மாமாவின் வேக மாற்றம் 55.7, அவர்களுடையது 44.3. ஒரே மாடல் காரிலேயே இலேசானவருக்கு அவ்வளவு கூடுதல்.

29 ஜனவரி

"ஐந்து நட்சத்திரம் வாங்கிய சின்னக் கார் வைத்திருக்கிறேன், பெரிய காரோடு மோதினாலும் ஐந்து நட்சத்திரம்தானே?" இல்லை. கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் பாரத் என்கேப் திட்டத்தின் முன்பக்கச் சோதனையில் கார் மணிக்கு 64 கிலோமீட்டரில் நசுங்கும் தடுப்பு ஒன்றில் மோதவிடப்படுகிறது. அது ஏறக்குறையத் தன் எடையுள்ள காரோடு மோதுவதற்குச் சமம். இரண்டு மடங்கு எடையுள்ளது எதிரே வந்தால் வேக மாற்றம் மூன்றில் இரண்டு பங்கு உங்களுக்குத்தான். நட்சத்திரம் வேண்டும், கட்டாயம் வேண்டும், ஆனால் எடையைப் பார்த்துப் படியுங்கள்.

3 பிப்ரவரி

"இப்போது வரும் கார்கள் பேப்பர் மாதிரி நசுங்குகின்றன, முன்னால் கம்பி அடித்துக் கொடுங்கள்" என்று நேற்று ஒரு அக்கா வந்தார். புல் கார்டு. இதைப் பற்றி எழுதாமல் இந்தப் பேச்சை முடித்தால் நான் நேர்மையாக இருந்ததாக ஆகாது.

2000இலிருந்து நூற்றுக்கணக்கில் அடித்துக் கொடுத்திருக்கிறேன். இரண்டு அங்குலக் குழாய், சேசிஸோடு நேராக போல்ட். உறுதிக்கு நான் பொறுப்பு என்று பெருமையாகச் சொல்வேன். 2017 கடைசியில் மத்திய அரசு கூடாது என்று சொன்ன பிறகு நிறுத்தினேன். சட்டத்துக்குப் பயந்து நிறுத்தினேன், மனதுக்குள் சட்டம்தான் தப்பு என்று நினைத்தேன்.

முன்பக்கம் நசுங்கும் அந்த அரை மீட்டர்தான் உள்ளே இருப்பவருக்குக் கிடைக்கும் தெர்மாகோல். நான் அடித்த கம்பி அதைத் தாண்டி மோதலை நேராகச் சேசிஸுக்குக் கொண்டுபோகிறது. உந்த மாற்றம் அதேதான், நேரம் சுருங்குகிறது, விசை ஏறுகிறது. காற்றுப்பை எப்போது விரிய வேண்டும் என்று சென்சார் எடுக்கும் முடிவும் கெட்டுப்போகும். வெளியே நடந்து போகிறவருக்கோ பைக்காரருக்கோ நசுங்கிக் கொடுக்கும் தகரத்துக்குப் பதில் இரண்டு அங்குல இரும்புக் குழாய். ஒடுக்கு எடுக்கும் செலவு மிச்சமாகும் என்று நினைத்தோம். ஒடுக்குதான் வேலை செய்திருக்கிறது.

அந்த அக்காவிடம் இவ்வளவையும் சொன்னேன். கேரம் போர்டு வரை போய்விட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப உங்க வேன்ல எதுக்குண்ணே இருக்கு?" என்று கேட்டார்.

4 பிப்ரவரி, காலை

நான்கு போல்ட். இரண்டு துருப்பிடித்துப் போயிருந்தது, கேஸ் வைத்துச் சூடு காட்டிக் கழற்ற வேண்டியிருந்தது. மகள் தராசில் வைத்துப் பார்த்தாள், 23 கிலோ. துளைகளைப் பட்டி போட்டு அடைத்திருக்கிறேன். பெயின்ட் நாளைக்கு.